கட்டளை மேலிருந்து வருகிறது, பில் நம் ஊருக்கு வருகிறது: சொத்து வரியில் டவுன்ஷிப் கையில் இருப்பது எவ்வளவு?

மருதமணி (நியூ ஜெர்சி):

வணக்கம் நண்பர்களே. போன வாரம் முதல் தடவையாக எங்கள் டவுன்ஷிப்பின் பட்ஜெட் கூட்டத்துக்குப் போனேன். பதினான்கு வருஷமாக இந்த ஊரில் வீடு வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு நான்கு தவணை சொத்து வரி கட்டுகிறேன். இருந்தும் அந்தப் பணம் எங்கே போகிறது என்று உட்கார்ந்து கேட்டதில்லை. இந்த முறை பில் கையைக் கடித்தது, போனேன்.

கூட்டத்தில் இருபது பேர்கூட இல்லை. ஒரு பெரியவர் எழுந்து, "பிள்ளைகளுக்கான கோடை முகாமை நிறுத்திவிட்டீர்கள். வரி மட்டும் ஏறுகிறது. எப்படி?" என்று கேட்டார். நிதி அலுவலர் பதில் சொல்லாமல் பட்ஜெட் தாளை எடுத்து, மஞ்சள் மார்க்கரால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டார். ஓய்வூதியம், மழைநீர் வடிகால் அனுமதி, கழிவுநீர், மறுசுழற்சி, நூலகம். போட்டு முடித்துத் தாளைத் தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மஞ்சள். "இதிலெல்லாம் நான் கை வைக்க முடியாது. மாநிலமோ ஃபெடரல் அரசோ போட்ட சட்டம். மிச்சம் இருக்கும் வெள்ளையில்தான் பூங்காவும் கோடை முகாமும்" என்றார்.

அந்த மஞ்சள் தாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இது உண்மையா, அல்லது பழியை மேலே தள்ளும் சாக்கா? உள்ளே வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி):

மணி சார், நான் வேறொரு ஊரின் நிதிப் பிரிவில் 11 வருஷமாக இருக்கிறேன். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. சாக்கு எங்கே ஒளிந்திருக்கும் என்பதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஓய்வூதியம். போலீஸ், தீயணைப்பு, அலுவலக ஊழியர்கள் எல்லாரும் மாநிலம் நடத்தும் ஓய்வூதியத் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். ஊர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மாநிலத்தின் கணிப்பாளர்கள் (எதிர்கால ஓய்வூதியச் செலவை மதிப்பிடுபவர்கள்) சொல்வார்கள். பில் வரும். ஏப்ரல் 1-க்குள் கட்டிவிட வேண்டும். அதில் ஒரு டாலர் குறையுங்கள் என்று கேட்க எங்களுக்கு எந்த வழியும் கிடையாது. நூலகமும் அப்படியே. ஊரில் உள்ள சொத்து மதிப்பில் டாலருக்கு ஒரு 'மில்'லில் மூன்றில் ஒரு பங்கு நூலகத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். (மில் என்றால் டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நூலகம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் கையில் இல்லாத செலவு என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், 2010-இல் வந்த சட்டப்படி ஊர் வசூலிக்கும் மொத்த வரி வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. கடனுக்குக் கட்டும் தொகை, அளவுக்கு மேல் உயரும் ஓய்வூதியச் செலவு, மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் உங்கள் பில் 2 சதவீதத்தைத் தாண்டியும் ஏறுகிறது. விலக்கு இல்லாத கட்டளைகள் எல்லாம் அந்த 2 சதவீதத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். வெளியே தள்ளப்படுவது கோடை முகாம்.

வைகைக்கரை (டெக்சாஸ்):

மன்னிக்கவும், எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. எங்கள் பக்கத்திலும் இதே பேச்சு. 2019-இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகரமும் கவுண்டியும் (பல ஊர்கள் சேர்ந்த, மாவட்டம் போன்ற அமைப்பு) பராமரிப்புச் செலவுக்கான சொத்து வரி வருவாயை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் வாக்காளரிடம் கேட்க வேண்டும். அன்றைக்கு உள்ளூர்த் தலைவர்கள் எல்லாரும் வானமே இடிந்து விழும் என்றார்கள். மக்களிடம் கேள் என்று சொல்வதில் என்ன தவறு? செலவைக் குறைக்க மனசில்லாதவர்களுக்கு "மேலிடத்து உத்தரவு" ஒரு நல்ல கேடயம்.

கணக்குப்பிள்ளை:

கேளுங்கள், கேட்க வேண்டும். ஆனால் வரம்பும் கட்டளையும் ஒரே கையிலிருந்து வரும்போதுதான் சிக்கல். இவ்வளவுக்கு மேல் வசூலிக்காதே என்று சொல்பவரே இன்னும் இதையெல்லாம் செய் என்கிறார். "கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது" என்று ஊரில் சொல்வோமே, அதுதான் இங்கே நடக்கிறது. புண்ணியம் சட்டம் போட்டவருக்கு, தேங்காய்க் கணக்கு கடைக்காரருக்கு.

எங்கள் மாநிலத்தில் இதைப் புரிந்துகொண்டுதான் 1995-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். மாநிலம் கட்டளையிட்டால் மாநிலமே பணம் தர வேண்டும். அதைக் கண்காணிக்க உள்ளூர்க் கட்டளைகளுக்கான கவுன்சில் ஒன்றும் வந்தது. அதன் முடிவே இறுதி, நீதிமன்றம் மாற்ற முடியாது. ஆனால் அது தானாக எதையும் எடுத்து விசாரிக்காது. ஓர் ஊரோ கவுண்டியோ பள்ளி வாரியமோ புகார் கொடுக்க வேண்டும்.

அலமூச்சி என்ற சின்ன ஊரின் பள்ளி வாரியம் அப்படி ஒரு புகார் கொடுத்தது. பள்ளிகளில் பிள்ளைகளை மிரட்டிக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க 2011-இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதற்கென ஒரு பொறுப்பாளர், எல்லாருக்கும் பயிற்சி, விசாரணைக்குக் கெடு என்று நிறையக் கடமைகள். பணம் கிடையாது. 2012 ஜனவரியில் கவுன்சில் இது நிதி இல்லாத கட்டளைதான் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் சட்டமன்றம் 10 லட்சம் டாலர் ஒதுக்கிச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு சின்ன ஊர் எழுந்து கேட்டதால் மாநிலம் முழுவதுக்கும் பணம் வந்தது.

ஆனால் விலக்குகள் நிறைய. ஃபெடரல் சட்டத்தை நிறைவேற்றத் தேவையான கட்டளைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தனியாருக்கும் அரசுக்கும் சேர்த்துப் போட்ட சட்டத்துக்கும் கிடையாது.

செம்பருத்தி (பென்சில்வேனியா):

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாரும் "மேலிடத்துக் கட்டளை" என்று சொல்லும் பட்டியலில் என் மகனும் இருக்கிறான்.

அவனுக்கு ஒன்பது வயது. பேச்சு மிகக் குறைவு. பள்ளிப் பேருந்தில் அவன் பக்கத்தில் ஓர் உதவியாளர் உட்காருகிறார். வாரத்தில் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. எல்லாம் அவனுக்கான தனிக் கல்வித் திட்டத்தில் எழுதிக் கையெழுத்தானது. போன வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒருவர், அந்த மூன்று நாளை இரண்டாக்கினால் பள்ளி மாவட்டத்துக்கு (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எவ்வளவு மிச்சம் என்று என் முன்னாலேயே கணக்குப் போட்டார். மேசைக்கு எதிரே அவனுடைய பள்ளிப் புகைப்படம் ஒட்டிய கோப்பு திறந்து கிடந்தது. நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசவில்லை.

சட்டம் இருந்ததால்தான் மூன்று நாள் மூன்றாகவே நின்றது. 1975-க்கு முன்னால் இந்த நாட்டில் அவனைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. உள்ளூர் தானாகச் செய்திருந்தால் வாஷிங்டன் ஏன் கட்டளையிட வேண்டும்?

மருதமணி:

செம்பருத்தி அம்மா, உங்கள் பதிவைப் படித்து மனம் கனத்துப்போனது. நான் கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டேன் போல. அந்தச் சேவை வேண்டாம் என்று யாரும் நினைக்கக்கூடாது.

கணக்குப்பிள்ளை:

அம்மா, உங்கள் பக்கம்தான் நானும். உங்கள் மகனுக்கு அநியாயம் செய்தது அந்தச் சட்டம் இல்லை, அந்தச் சட்டத்தோடு வந்த வாக்கு நிறைவேறாததுதான். 1975-இல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சிறப்புக் கல்விச் சட்டத்தில் ஓர் இலக்கு இருந்தது. ஒரு மாணவருக்கு நாடு சராசரியாகச் செலவழிக்கும் தொகையில் 40 சதவீதத்தை, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஃபெடரல் அரசு தரும். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. சமீப ஆண்டுகளில் 15 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மீதியை மாநிலமும் பள்ளி மாவட்டமும் போடுகின்றன. அதனால்தான் அந்த மேசையில் ஒருவர் உங்கள் முன்னால் கால்குலேட்டரை எடுத்தார். 40 சதவீதம் வந்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. ஒரு தாயையும் ஊரின் வரி செலுத்துபவரையும் எதிரெதிரே உட்கார வைப்பது அந்தப் பற்றாக்குறைதான்.

நிலவன்_எஸ்எஃப் (கலிஃபோர்னியா):

எங்கள் மாநிலக் கதை இதைவிட நீளம். 1978-இல் வாக்காளர்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டிவிட்டது. மதிப்பும் வீடு கைமாறும்வரை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அடுத்த வருஷமே, மாநிலம் புதிய வேலையைச் சுமத்தினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று வாக்காளர்கள் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். எழுதியாயிற்று, பணம் வர வேண்டுமே! பில்லை வைத்துக்கொண்டு கவுண்டிகள் வருஷக்கணக்கில் காத்திருந்தன. 2004-இல் இன்னொரு திருத்தம் வந்தது: பணம் கொடு, இல்லாவிட்டால் அந்த வருஷத்துக்குக் கட்டளையை நிறுத்தி வை.

நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? பொதுக் கூட்டம் நடத்தும் முன் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும் என்பது எங்கள் திறந்த கூட்டச் சட்டம். அதை ஒட்டும் செலவுக்கும் ஊர்கள் மாநிலத்திடம் காசு கேட்டன. 2012-இல் பட்ஜெட் நெருக்கடியில் மாநிலம் அந்தப் பகுதியையே நிறுத்தி வைத்தது. அதாவது, ஊர் மன்றம் என்ன பேசப் போகிறது என்று மக்களுக்குச் சொல்லும் கடமையே பணத் தகராறில் தொங்கியது. 2014-இல் வாக்காளர்கள் 42-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, இதை ஊர்கள் தம் செலவிலேயே செய்ய வேண்டும் என்று முடித்து வைத்தார்கள். அது சரியான முடிவு என்பேன். எல்லாக் கட்டளைக்கும் மேலிடம் பணம் தர வேண்டும் என்பதில்லை. வெளிப்படையாக இருப்பது ஊர் ஆட்சியின் அடிப்படைக் கடமை. அதற்கு பில் அனுப்பியிருக்கக்கூடாது.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் பேருந்து நிறுத்தக் குப்பைத் தொட்டிகள். மழைநீரில் குப்பை கடலுக்குப் போகிறது என்று, மாநிலத்தின் நீர் வாரியம் 2001-இல் கொடுத்த அனுமதியில் நிறுத்தங்களில் தொட்டி வைக்கச் சொன்னது. ஊர்கள் பணம் கேட்டன. இது ஃபெடரல் தூய நீர்ச் சட்டத்தின் கட்டளை, நாங்கள் தர வேண்டியதில்லை என்றது மாநிலம். 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம், ஃபெடரல் சட்டம் தொட்டி வைக்கச் சொல்லவில்லை, அதை முடிவு செய்தது மாநிலமே என்றது. ஒரு குப்பைத் தொட்டிக்கு யார் பொறுப்பு என்று தெரிய பதினைந்து வருஷம்.

வைகைக்கரை:

சரி, ஃபெடரல் அரசு மட்டும் கணக்கில்லாமல் போடலாமா? 1995-இல் நிதி இல்லாத கட்டளைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்களே. அது என்ன ஆயிற்று?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. 90-களின் தொடக்கத்தில் மேயர்கள் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்ததால் வந்த சட்டம் அது. ஒஹையோவின் கொலம்பஸ் நகரம், சுற்றுச்சூழல் சட்டங்களால் தனக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு 1991-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. 1995 மார்ச்சில் கிளின்டன் கையெழுத்திட்டார். ஆனால் அந்தச் சட்டம் எதையும் தடுப்பதில்லை. மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் சேர்த்து 5 கோடி டாலருக்கு மேல் (1996 விலையில், பணவீக்கத்தோடு உயரும்) செலவு வைக்கும் மசோதா என்றால், காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பட்ஜெட் அலுவலகம் அதைச் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் ஆட்சேபத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

அதைவிட முக்கியம், 'கட்டளை' என்ற சொல்லுக்கு அவர்கள் போட்ட வேலி. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் வெளியே. "எங்கள் மானியம் வேண்டுமென்றால் இதைச் செய்" என்ற நிபந்தனையும் பெரும்பாலும் வெளியே. வேண்டாம் என்றால் மானியத்தை விட்டுவிடலாமே என்பது வாதம். செம்பருத்தி அம்மா சொன்ன சிறப்புக் கல்விச் சட்டம் அந்த வகைதான். சட்டத்தின் கண்ணில் அது கட்டளையே இல்லை! மானியத்தை மறுக்க எந்த மாநிலத்துக்குத் துணிவு வரும்?

உச்ச நீதிமன்றம் 1997-இல் ஷெரிஃப்கள் (கவுண்டியின் காவல் தலைவர்கள்) தொடுத்த வழக்கில், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும்படி உள்ளூர் அதிகாரிகளை வாஷிங்டன் வேலை வாங்க முடியாது என்றது. நேரடி உத்தரவுக்கு அப்படி ஒரு தடை இருப்பதால், மானியத்தோடு கட்டும் கயிறு, அதாவது நிபந்தனை, இன்னும் முக்கியமாகிறது.

குழாய்க்காரன் (இல்லினாய்):

நான் குடிநீர்ப் பொறியாளர். ஈயக் குழாய் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது.

உங்கள் வீட்டு அடித்தளத்தில் தண்ணீர் மீட்டருக்கு முன்னால் சுவரிலிருந்து வரும் குழாயை ஒரு நாணயத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மென்மையாகச் சுரண்டுப்பட்டு, உள்ளே வெள்ளி போலப் பளபளத்தால், காந்தமும் ஒட்டாவிட்டால், அது ஈயம். நான் ஒரு நாளில் பத்து வீடுகள்வரை இப்படிப் பார்த்திருக்கிறேன். சுரண்டிய இடம் பளிச்சென்றதும் வீட்டுக்காரர் முகம் மாறும். முதல் கேள்வி, "குழந்தை இருக்கிறதே, ஆபத்தா?" இரண்டாவது கேள்வி, "மாற்ற யார் காசு?"

சிகாகோவில்தான் நாட்டிலேயே அதிகமான ஈய இணைப்புகள், ஏறத்தாழ 4 லட்சம். ஏன் இவ்வளவு? 1986-இல் ஃபெடரல் தடை வரும்வரை, வீடுகளுக்கு ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று அந்த நகரத்தின் கட்டட விதியே சொன்னது. ஒரு காலத்தில் விதி போட்டுப் புதைத்ததை இன்றைக்கு இன்னொரு விதி போட்டுத் தோண்டுகிறோம். 2024 அக்டோபரில் வந்த ஃபெடரல் விதி, பெரும்பாலான குடிநீர் அமைப்புகளுக்கு 10 ஆண்டு கெடு வைக்கிறது. நாடு முழுக்க 90 லட்சம் குழாய்கள் என்பது அரசின் அன்றைய மதிப்பீடு.

பணம்? 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென்றே 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. பெரிய தொகைதான், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதில் 49 சதவீதம்தான் வசதி குறைந்த ஊர்களுக்கு மானியமாகவோ தள்ளுபடிக் கடனாகவோ போகிறது. மிச்சம் திருப்பிக் கட்டும் கடன். கடனை யார் அடைப்பார்? தண்ணீர் பில் கட்டுபவர். கழிவுநீரிலும் இதையே பார்த்தோம். 1972 தூய நீர்ச் சட்டம் வந்தபோது சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஃபெடரல் அரசு 75 சதவீதம்வரை மானியம் தந்தது. ஆறுகள் சுத்தமானதற்கு அந்தப் பணம் ஒரு பெரிய காரணம். 1987-இல் மானியத்தை நிறுத்திக் கடன் நிதியாக மாற்ற முடிவு செய்தார்கள். தர விதி அப்படியே நின்றது.

செம்பருத்தி:

சொத்து வரிகூட வீட்டு மதிப்பைப் பார்த்து வருகிறது. தண்ணீர் பில் வாடகைக்கு இருப்பவரையும் பணக்காரரையும் ஒரே கணக்கில் கேட்கிறது. அதை யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

குழாய்க்காரன்:

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. ஆட்கள் வெளியேறிச் சுருங்கிய நகரங்களில் இன்னும் கொடுமை. குழாயின் நீளம் குறையாது, பில் கட்டும் வீடுகள் மட்டும் குறையும்.

கவுண்டி_ஊழியர் (ஒஹையோ):

நான் கவுண்டியின் உதவித் துறையில் இருக்கிறேன். அடுத்து வருவதைச் சொல்கிறேன், கவனியுங்கள். உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பின் நிர்வாகச் செலவில் இதுவரை ஃபெடரல் பங்கு பாதி. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2027 நிதியாண்டிலிருந்து, அதாவது 2026 அக்டோபரிலிருந்து, அது கால் பங்காகிறது. மாநிலத்தின் பக்கம் 50-லிருந்து 75 சதவீதம். அதற்கு அடுத்த நிதியாண்டு முதல், தவறாக வழங்கிய உதவியின் விகிதத்தைப் பொறுத்து, உதவித் தொகையிலேயே 15 சதவீதம்வரை மாநிலம் போட வேண்டி வரலாம்.

பத்து மாநிலங்களில் இந்தத் திட்டத்தை நடத்துவது கவுண்டிதான். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூ யார்க், ஒஹையோ எல்லாம் அதில் உண்டு. மாநிலம் தன் சுமையைக் கீழே இறக்கினால் அது நேராகக் கவுண்டி பட்ஜெட்டில் விழும். மணி சார் சொத்து வரி பில்லில் 'கவுண்டி' என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான். இந்த மாற்றத்தில் புதிய கட்டளை எதுவும் இல்லை, பங்குதான் மாறுகிறது. அதனால் பத்திரிகையிலும் பெரிதாக வராது. என் மேசைக்கு எதிரே உட்காருபவருக்கு விண்ணப்பத்தை முப்பது நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆள் குறைத்தால் தவறு கூடும். தவறு கூடினால் மாநிலத்தின் பங்கு கூடும். எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் இந்தக் கவலைதான்.

வைகைக்கரை:

இது எனக்குப் புதிய செய்தி. நான் முதலில் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை சார், சாக்கு எங்கே என்று சொல்வதாகச் சொன்னீர்களே?

கணக்குப்பிள்ளை:

மறக்கவில்லை. மஞ்சள் மார்க்கரில் மூன்று இடத்தில் சந்தேகப்படுங்கள். மருத்துவக் காப்பீடு முழுக்கக் கட்டளை ஆகாது. எந்தத் திட்டத்தில் சேர்வது என்பதில் ஊருக்குத் தேர்வு உண்டு. சம்பள ஒப்பந்தத்தில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்பது சட்டம், எவ்வளவு ஏற்றிக் கொடுப்பது என்பது மன்றத்தின் கையெழுத்து. கடன் தவணையும் அப்படி. பத்து வருஷத்துக்கு முன் ஊரே விரும்பிக் கட்டிய கட்டடத்தின் கடனை "தவிர்க்க முடியாதது" என்று இன்றைக்கு மஞ்சள் பூசுவார்கள். கட்டாயம் கட்ட வேண்டியதுதான், ஆனால் மேலிடம் சுமத்தியதில்லை. ஒவ்வொரு மஞ்சள் வரிக்கும் "எந்தச் சட்டம், எந்த ஆண்டு, அதற்கு எவ்வளவு பணம் வந்தது?" என்று கேளுங்கள். நேர்மையான அலுவலர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். எங்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

மருதமணி:

நண்பர்களே, நேற்று இரண்டாம் கூட்டம். எளிய வடிவ பட்ஜெட் தாளை இணையத்திலிருந்து அச்செடுத்துக்கொண்டு போனேன். மூன்று நிமிடம் பேச விட்டார்கள். கணக்குப்பிள்ளை சார் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அந்த நிதி அலுவலர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, மஞ்சள் வரிகள் ஒவ்வொன்றுக்கும் சட்டத்தையும் வந்த நிதியையும் இரண்டு புதிய பத்திகளாகச் சேர்த்து அடுத்த மாதம் இணையதளத்தில் போடுவதாகச் சொன்னார். மன்றத் தலைவரும் சரி என்றார்.

கோடை முகாம் கேட்ட பெரியவர் வெளியே வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, கவுண்டி பட்ஜெட் கூட்டம் எப்போது என்று கேட்டார். தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இருவரும் சேர்ந்து போகிறோம். எங்கள் கவுண்டி ஸ்னாப் செலவுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒஹையோ நண்பரே, அதற்கு முன் உங்களிடம் இன்னும் சில விவரம் கேட்க வேண்டும், தனி மடல் அனுப்புகிறேன்.